லினக்ஸுக்கு மாறும் முன் பிரிண்டரைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் கிடைத்தது. அதற்காகக் கணினி ஓடாமல் நின்றுவிடாது. ஆனால் இனி கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம், பிள்ளைகளின் சான்றிதழ்களை வைத்திருக்கிறோம்.

விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். உங்களுடையது எந்தத் தலைமுறை என்று பார்ப்பது எளிது. பிராசசரின் பெயர் ஐ5-7200 என்றிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 7, அதாவது ஏழாம் தலைமுறை. ஒரே படியில் தவறிவிட்டது. வேலூர் பக்கம் சத்துவாச்சாரியிலும் குடியாத்தத்திலும் நாலாம், ஐந்தாம் தலைமுறை ஐ3 கணினிகள் வீடுகளில் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. வன்பொருளில் ஒரு குறையும் இல்லாமலே இவை ஒதுக்கப்படுகின்றன. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் பற்றிய பேச்சு வீடு வரை வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. கணினி மெதுவானால் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போய் ‘ஓ.எஸ். போட்டுக் குடுங்க’ என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கே போடப்படுவது பல நேரங்களில் கிராக் விண்டோஸ், அதாவது உரிமம் வாங்காத திருட்டுப் பிரதி. அதற்கு உயிர் கொடுக்கும் ஆக்டிவேட்டர் வேலை செய்ய வேண்டுமானால் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும், அல்லது அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாதே என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது இது. லினக்ஸில் இந்தச் சிக்கலே எழாது. காசும் இல்லை, கள்ளமும் இல்லை.

லினக்ஸ் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசின் எல்காட் நிறுவனம் மூலம் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. கணினியைத் திறந்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்ட கருப்புத் திரை பலருக்கு நினைவிருக்கும். முதல் ஃபார்மட்டோடு அந்தப் பகுதி அழிந்துபோன வீடுகளே அதிகம். பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலோ ஓப்பன் ஆபீஸ் ரைட்டரையும் கால்க்கையும்தான் கற்பிக்கிறது. அதிலிருந்து 2010-இல் கிளைத்த லிப்ரே ஆபீஸ்தான் இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் தயாராக வருகிறது. ஆக, வீட்டில் ஒரு பிளஸ் ஒன் மாணவி இருந்தால் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று.

இனி வேலைக்கு வருவோம். லினக்ஸை நிறுவுவது, ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டி உள்ள கணினியில் அரை மணி நேரம் கூடப் பிடிக்காது. சறுக்குவது அந்த அரை மணி நேரத்தில் அல்ல. கணினியோடு நீங்கள் கட்டிவைத்திருக்கும் பிரிண்டர், டேலி கணக்கு மென்பொருள், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் ஆகியவைதான் மாற்றம் நிலைக்குமா, பத்து நாளில் திரும்பிப் போவோமா என்பதை முடிவு செய்கின்றன. அதனால் பென்டிரைவைத் தேடும் முன் ஒரு தாளை எடுத்து, இந்தக் கணினியில் கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன செய்தோம் என்று வீட்டில் உள்ள எல்லாரையும் கேட்டு எழுதுங்கள்.

எதெல்லாம் வராது

டேலி லினக்ஸில் வராது. டேலி பிரைம் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளின் கணக்கை வீட்டுக்கு எடுத்து வந்து எழுதுபவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்கள் அந்தக் கணினியை மாற்ற வேண்டாம்; மாற்றியே தீர வேண்டுமென்றால் விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வைன் என்ற இடைநிலை மென்பொருளில் டேலியை ஓட்டிக் காட்டுவோர் உண்டு. மாதக் கடைசியில் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கணக்கை அதை நம்பி விடுவது சரியல்ல. ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்கள் பிரவுசரில் வழக்கம்போல் திறக்கும். ஆனால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கல்லூரித் தேர்வுக்கு சேஃப் எக்ஸாம் பிரவுசர் கேட்டால், அதுவும் லினக்ஸில் இல்லை. ஃபோட்டோஷாப், கோரல் டிரா இரண்டும் இல்லை. வேலோரன்ட் விளையாட்டும் ஓடாது. வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது அடிப்பவர்கள் கவனிக்க: இன்பேஜ் லினக்ஸில் ஓடாது, அதன் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்காது. புதிதாக உருது அடிக்க, நோட்டோ நஸ்தலீக் எழுத்துருவும் உருது விசைப்பலகையும் லினக்ஸில் தாராளமாகப் போதும்.

பிரிண்டர்தான் பெரிய தலைவலி, மாடலுக்கு மாடல் விதி வேறு. எப்சனின் டேங்க் வகை எல் வரிசையில் பெரும்பாலானவற்றுக்குத் திறந்த மூல டிரைவர் இருக்கிறது, செருகியதும் ஓடிவிடும். ஹெச்பி லேசர்ஜெட் 1020, பி1007, பி1008 ஆகியவற்றின் கதை வேறு. இந்தப் பிரிண்டர்கள் தம் உள்மென்பொருளை நிரந்தரமாகச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் பிரிண்டரைச் செருகினால் ‘சேர்க்கப்பட்டது’ என்று அறிவிப்பு வரும், பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் போய் நிற்கும், தாள் மட்டும் நகராது. டிரைவர் இருக்கிறது, உள்மென்பொருள் இல்லை, அதுதான் காரணம். ஹெச்பிலிப் என்ற தொகுப்பின் கருவிப்பெட்டியைத் திறந்து, அது கேட்கும் பிளகின் என்ற துணைக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும். எம்1005-க்கும் இதே பிளகின் வேண்டும். ஹெச்பிலிப் புதிய பதிப்புக்கு மாறும்போது பிளகினை மறுபடி இறக்கச் சொல்லும். அப்போது ‘நேற்று வரை ஓடியதே’ என்று பதற வேண்டாம்.

கேனான் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள் நிதானிக்க வேண்டும். கேப்ட் என்ற தனி மொழியில் பேசும் பிரிண்டர் அது. அதற்கான லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் நூலகங்களைக் கேட்பது. இன்றைய பதிப்புகளில் அதை ஓட்டுவது அனுபவசாலிக்கே பெரும்பாடு. தினமும் பிரிண்ட் எடுக்கும் வீடு என்றால் பிரிண்டரையும் சேர்த்து மாற்றும் எண்ணம் இருந்தால்தான் இறங்க வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் அநேகமாக எப்சன் 9 பின் அல்லது 24 பின் பொது டிரைவரில் ஓடிவிடும்.

பழைய தமிழ்க் கோப்புகள்

விண்டோஸ் இன்னும் கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்தவை. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லைக் கணினி தமிழாக அறியாது. அதன் கணக்கில் அது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி; மொத்தம் ஐந்து குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். சங்கத் தீர்மானம், வக்கீல் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாமே இப்படிக் குப்பையாகத் தெரியும்போது, லினக்ஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். கோப்பு கெடவில்லை; சட்டைதான் இல்லை.

இரண்டு வழி உண்டு. விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து வைத்து, லினக்ஸில் அதன் மேல் இரட்டைச் சொடுக்குப் போட்டு நிறுவினால் பழைய கோப்பு அப்படியே தெரியும். நிரந்தர வழி, எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவது. 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் விண்டோஸில் இருக்கின்றன. மாற்றும்போது கோப்பு முழுவதையும் அள்ளிக் கொடுக்காதீர்கள். இடையில் உள்ள ஆங்கிலப் பெயரும் கதவு எண்ணுக்குப் பின்வரும் ஆங்கில எழுத்தும் சேர்ந்து தமிழ்க் குழப்பமாக மாறிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

யூனிகோடில் அடித்தவற்றிலும் ஒரு சிறு பிசகு வரும். டைம்ஸ் நியூ ரோமன், காலிப்ரி போன்றவற்றுக்கு அதே அகலம் கொண்ட மாற்று எழுத்துருக்கள் லினக்ஸில் உண்டு. ஆங்கிலப் பக்கம் குலையாது. லதா, நிர்மலா ஆகிய விண்டோஸ் தமிழ் எழுத்துருக்களுக்கு அப்படி இணையானவை இல்லை. லோஹித் அல்லது நோட்டோ வந்து அமரும்போது வரி உடையும் இடம் மாறும், நாலு பக்கக் கடிதம் ஐந்தாகும். அச்சுக்குப் போக வேண்டிய கோப்பை விண்டோஸிலேயே பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுங்கள்.

டி டிரைவ் என்ற நம்பிக்கை

‘டி டிரைவ்ல போட்டு வை, ஃபார்மட் அடிச்சாலும் போகாது’ என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. விண்டோஸைத் திரும்பப் போடும்போது சி டிரைவை மட்டும் அழிப்பதால் அது உண்மையாக இருந்தது. லினக்ஸ் நிறுவியில் முதலில் கண்ணில் படும் ‘வட்டை அழித்து நிறுவு’ என்ற தேர்வு சி, டி, இ என்று பார்க்காது. முழு ஹார்ட் டிஸ்கையும் துடைத்துவிடும். லினக்ஸுக்கு மாறிப் படங்களை இழந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு சொடுக்கில்தான் இழக்கிறார்கள். ஆகவே டி டிரைவ் உட்பட அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். நகல் எடுத்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகு அதைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். நிறுவும்போது அது கணினியில் செருகியிருக்கவே கூடாது.

எந்த லினக்ஸ், எப்படிச் சோதிப்பது

லினக்ஸில் பல வகை உண்டு; முதல் முறை மாறுபவருக்கு லினக்ஸ் மின்ட் போதும். விண்டோஸ் போலவே கீழே பட்டி, இடது மூலையில் மெனு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தபட்சம் 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் கேட்கிறது. நடைமுறையில் 4 ஜிபி ராமுக்குக் கீழே இருந்தால் சினமன் பதிப்பை விட்டு, அதைவிட இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். அப்போதும் பிரவுசர் எடுக்கும் நினைவகத்தை எந்த லினக்ஸும் குறைத்துவிட முடியாது. 2 ஜிபி ராமோடு வந்த பழைய விலையில்லா மடிக்கணினியில் லிப்ரே ஆபீஸ் சுகமாக ஓடும். யூடியூபும் ஜிமெயிலும் சேர்ந்து திறந்தால் திணறும். அதற்கு மருந்து ராம் கூட்டுவதும், ஹார்ட் டிஸ்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுவதும்தான். ராம் வாங்கும்போது பழைய பட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்4 பட்டை டிடிஆர்3 இடத்தில் பொருந்தாது; டிடிஆர்3எல் கேட்கும் கணினியில் டிடிஆர்3 ஓடாமல் போகலாம்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட் தளத்திலிருந்து ஏறத்தாழ 3 ஜிபி உள்ள ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்ச்சர் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் பென்டிரைவ் பூட் ஆகாது, அதாவது கணினி அதிலிருந்து தொடங்காது. கணினியைத் திறக்கும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டும்.

பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும்; ஹார்ட் டிஸ்கைத் தொடாது. இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா, பிரிண்டர் தாளை இழுக்கிறதா என்று ஒரு மாலை முழுக்கப் பாருங்கள். வைஃபை தெரியவில்லை என்றால் சில பிராட்காம் சிப்புகளுக்குத் தனி டிரைவர் வேண்டியிருக்கும். அதை இறக்க இணையம் வேண்டுமே என்று கையைப் பிசைய வேண்டாம். கைபேசியைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் போதும். பிறகு டிரைவர் மேனேஜரே சொல்லும்.

நிறுவும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்

விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ச் சுருக்குங்கள். 60 ஜிபி ஒதுக்கினால் தாராளம். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கும்; லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

பழைய எம்பிஆர் முறை வட்டில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் வைக்க முடியாது. சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, இ என்று நாலும் ஏற்கெனவே நிறைந்திருந்தால், நீங்கள் ஒதுக்கிய 60 ஜிபியை நிறுவி ‘பயன்படுத்த இயலாதது’ என்று காட்டும். இ டிரைவைக் காலி செய்து நீக்குவதுதான் வழி. புதிய இன்டெல் மடிக்கணினிகளில் வேறு வியாதி: எஸ்எஸ்டியே நிறுவியின் கண்ணுக்குத் தெரியாது. பயாஸில் சேமிப்பு முறை ஆர்எஸ்டி என்றிருக்கும், அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்து, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி இறக்கிய பிறகு இயல்பு நிலைக்குத் திருப்புங்கள்.

மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போட்டால், செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் நிறுவி ஒரு கடவுச்சொல் கேட்கும். எழுதி வையுங்கள். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை சில நொடிகள் வந்து நிற்கும். பயந்து எதையாவது தட்டி அதைக் கடந்துவிட்டால், பின்னால் என்விடியா, பிராட்காம் டிரைவர்கள் ஏறாமல் போகலாம். ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள். பகுதிகளைச் சுருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது கடினம்.

நிறுவிய பின்னும் கணினி நேராக விண்டோஸுக்கே போகிறதா? பயாஸின் பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட் அந்தப் பெயரில்தான் பதிவாகும். விண்டோஸுக்குப் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் பேட்டரி போய்விட்டது என்று மாற்றாதீர்கள். வன்பொருள் கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்ல டைம்டேட்சிடிஎல் என்ற ஒருவரிக் கட்டளை போதும்.

தமிழில் அடிக்க

விசைப்பலகை அமைப்பில் போய் ‘தமிழ்நெட் 99’ என்பதைச் சேர்த்துவிட்டு, இது உருப்படாது என்று விட்டவர்கள் பலர். அந்த இடத்தில் கிடைப்பது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற வெறும் வரைபடம். தமிழ்99-இன் அழகே அதன் கணக்கில் இருக்கிறது. அ, ம, ம, ஆ என்று நாலு விசை தட்டினால் ‘அம்மா’ வர வேண்டும். முதல் மகரத்துக்குப் புள்ளியும், கடைசியில் காலும் தானாக விழ வேண்டும். அந்தக் கணக்கு ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பில்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர் மேனேஜரில் அதை நிறுவி, இன்புட் மெத்தட் பகுதியில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர்களுக்கு டைப்ரைட்டர் முறையும், ஆங்கில ஒலியில் அடித்துப் பழகியவர்களுக்கு ஃபொனட்டிக் முறையும் அதே பட்டியலில் உண்டு. வெளியேறி உள்நுழையும் படியைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் தமிழ் வராது.

லிப்ரே ஆபீஸில் இன்னொன்று. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இயல்பு எழுத்துருவை அது தனித்தனியாக வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிகள் பகுதியில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ (சிடிஎல்) பெட்டியில் டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே ஆப்ஷன்ஸில் ரைட்டரின் கீழ் ‘பேசிக் ஃபான்ட்ஸ் (சிடிஎல்)’ பகுதியில் தமிழுக்கு நோட்டோவும் 12 அளவும் வைத்தால் ஒவ்வொரு கோப்பிலும் மறுபடி மாற்ற வேண்டியிருக்காது.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளைத் திறந்து, அமைப்பின் அன்றைய நிலையை ஒரு நகலாக எடுத்து வையுங்கள். அது அமைப்பைத்தான் காக்கும். உங்கள் படங்களையும் கோப்புகளையும் இயல்பாகச் சேர்க்காது, அவற்றுக்கு வெளி ஹார்ட் டிஸ்கே கதி. புதுப்பிப்புக்குப் பின் ஒருநாள் திரை கருப்பாக நின்றால், திறக்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் என்ற தொடக்க மெனுவை வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே முந்தைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்து ஏறுங்கள். பழைய கெர்னல் அழிக்கப்படாமல் அங்கேயே இருக்கும். அதிலும் வரவில்லை என்றால் நிறுவிய அதே பென்டிரைவில் பூட் செய்து, அங்கிருந்து டைம்ஷிஃப்ட்டை ஓட்டிப் பழைய நிலைக்குத் திருப்பலாம். அந்தப் பென்டிரைவில் படம் ஏற்றித் தர யாராவது கேட்டால் வேறொன்றைக் கொடுங்கள்.